சமம் என்று யார் சொல்வது? ஊக்க ஊதிய வழக்குகளைப் படித்ததில் சில குறிப்புகள்

முதல்லயே சொல்லிடறேன். நான் வக்கீல் இல்லை. பி.இ. படிச்சுட்டு இருபது வருஷமா மென்பொருள் எழுதிக்கிட்டு இருக்கிற ஆள். ஆனா ஒரு தீர்ப்பைப் படிக்கிறதுக்கும் வேற யாரோ எழுதிவெச்ச பழைய கோடைப் படிக்கிறதுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. எந்த வரி எங்கிருந்து வந்தது, எதுக்காக எழுதப்பட்டது, இப்ப எதுக்குப் பயன்படுத்தறாங்கன்னு பார்க்கணும். அப்படிப் பார்த்ததில் கிடைத்த சந்தேகங்கள்தான் இந்தப் பதிவு.

இந்த விஷயத்தில் எனக்கு ஆர்வம் வந்ததுக்குக் காரணம் என் அத்தை. அரசு உதவி பெறும் பள்ளியில் கணித ஆசிரியை. வேலையில் இருந்துகொண்டே அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. முடித்தார். பட்டத்தின் பெயர் வெறும் "கணிதம்" இல்லை, முன்னாடி ஒரு அடைமொழி உண்டு. முன் அனுமதி வாங்கிப் படித்தார், உண்மைத்தன்மைச் சான்றும் வந்தது. 2006-ல் ஊக்க ஊதிய உயர்வு போட்டு பணிப்பதிவேட்டில் பதிந்தார்கள். 2015-ல், ஓய்வுபெற எட்டு மாசம் இருக்கும்போது, தணிக்கையில் ஒருவர் அந்தப் பக்கத்தில் நின்றார். இந்தப் பட்டம் எம்.எஸ்சி. கணிதத்துக்கு இணையானது என்று அரசாணை இல்லை, ஆகவே இதுவரை தந்தது மிகை ஊதியம், திரும்பச் செலுத்தவும் என்று கடிதம். ஒரு லட்சத்து எண்பதாயிரம் சொச்சம்.

அத்தை வழக்குக்குப் போகவில்லை. பென்ஷன் ஃபைல் நின்னுடும்னு பயம். பணிக்கொடையில் பிடித்துக்கொண்டார்கள். சில வருஷம் கழித்து அதே பட்டம் இணையானது என்று ஆணை வந்தது, ஆனால் அது ஆணை வந்த தேதியிலிருந்துதான் செல்லுமாம். "ஒன்பது வருஷம் நான் நடத்தின கணக்கு சரிதான்டா, படிச்ச கணக்குதான் தப்பாம்" என்றார். கோபமாகக்கூட இல்லை, சும்மா சொன்னார்.

கொஞ்சம் பின்னணி

ஆசிரியர்கள் பணியில் இருக்கும்போதே மேற்படிப்பு முடித்தால் கூடுதல் ஊதிய உயர்வு தரும் வழக்கம் தமிழ்நாட்டில் பழையது. 10.1.1969 தேதியிட்ட கல்வித்துறை அரசாணை 42 அதன் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. ஒரு உயர்கல்விக்கு இரண்டு இன்கிரிமென்ட், பணிக்காலத்தில் அதிகபட்சம் இரண்டு முறை, ஆக மொத்தம் நான்கு என்பதுதான் ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

10.3.2020 தேதியிட்ட பணியாளர் துறை அரசாணை 37 இந்த முறையையே ரத்து செய்தது. பிறகு ஒரே முறை தரும் தொகையாக அது திரும்பி வந்தது: பட்டம் அல்லது பட்டயத்துக்கு 10,000, முதுகலைக்கு 20,000, முனைவர் பட்டத்துக்கு 25,000 ரூபாய். மத்திய அரசு இதை எப்போதோ ஒருமுறைத் தொகையாக்கிவிட்டது. 2019 மார்ச்சில் அந்தத் தொகையை 10,000 முதல் 30,000 வரை என்று உயர்த்தினார்கள்.

இன்கிரிமென்ட்டுக்கும் இந்தத் தொகைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். அடிப்படை ஊதியம் 50,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 சதவீத உயர்வு இரண்டு என்றால் மாதம் 3,045 ரூபாய். அகவிலைப்படியைச் சேர்க்காமலே, முதுகலைக்கான அந்த 20,000 ரூபாயை ஏழாவது மாதத்தில் இது தாண்டிவிடும். ஆண்டு உயர்வையும் சேர்த்தால் பத்து வருஷத்தில் நாலு லட்சத்துக்கு மேல். பழைய ஓய்வூதியத்தில் இருப்பவருக்குக் கடைசி ஊதியம் வழியாக அது பென்ஷனிலும் தொடரும். ஒரு பட்டம் "இணை"யா இல்லையா என்ற ஒற்றைச் சொல்லுக்காக மனிதர்கள் பதினைந்து வருஷம் கோர்ட் படியேறுவதன் காரணம் இதுதான்.

1974-ல் சொன்னதும், பிறகு நினைவில் நின்றதும்

பட்ட இணைத்தன்மை பற்றிய வழக்குகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது ஷுஜாத் அலி வழக்கு, 1974-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. மாநில மறுசீரமைப்புக்குப் பிறகு பழைய ஹைதராபாத் பகுதிப் பொறியாளர்களையும் ஆந்திரப் பகுதிப் பொறியாளர்களையும் ஒரே பணியில் இணைத்தபோது கிளம்பிய சண்டை. அதிலிருந்து இன்று எல்லாரும் எடுத்துக்கொள்ளும் கருத்து: இணைத்தன்மை என்பது தொழில்நுட்பக் கேள்வி, நீதிமன்றம் அதில் எளிதில் தலையிடாது.

ஆனால் மூலத்தைப் போய்ப் படித்தால் இந்தக் கருத்துக்கு முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. அரசின் முடிவு, தேவையான அறிவும் திறனும் உள்ள ஒரு நிபுணர் குழுவின் பரிந்துரையின் மேல் நிற்குமானால் நீதிமன்றம் அதைச் சட்டென்று கலைக்காது என்பதுதான் அங்கே சொல்லப்பட்டது. முடிவு பகுத்தறிவுக்குப் பொருந்தாததாகவோ, தொடர்பில்லாத காரணங்களின் மேல் எடுக்கப்பட்டதாகவோ, கண்ணுக்குத் தெரியும் தவறாகவோ இருந்தால் தலையிடலாம் என்றும் அதே இடத்தில் இருக்கிறது.

அந்த நிபந்தனைதான் வழியில் எங்கேயோ தொலைந்துபோனது என்பது என் முதல் குற்றச்சாட்டு. ஊக்க ஊதிய வழக்குகளில் பெரும்பாலும் நிபுணர் குழு "இது இணையில்லை" என்று முடிவு சொல்லியிருப்பதே கிடையாது. யாரும் எதுவும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஒரு அலுவலகத்தில் ஒருவர் பட்டியலைப் பார்த்தார், பெயர் இல்லை, தடை எழுதினார். இந்த மௌனத்துக்கு ஒரு நிபுணர் குழுவின் முடிவுக்குத் தர வேண்டிய மரியாதையைத் தருகிறோம். என் தொழில் பாஷையில் சொன்னால், மதிப்பு நிரப்பப்படாத ஒரு இடத்தை "பொய்" என்று படிக்கிறோம். "தெரியாது" வேறு, "இல்லை" வேறு. முதல் வருஷம் வேலைக்கு வந்த பையன் இப்படி எழுதினால் திருப்பி அனுப்பிடுவோம்.

வேறு சண்டையில் பிறந்த விதிகள்

இரண்டாவது முக்கியமான தீர்ப்பு குரு நானக் தேவ் பல்கலைக்கழக வழக்கு, 2008. இணைத்தன்மையை நாமாக ஊகித்துக்கொள்ள முடியாது, அதற்கென்று குறிப்பான ஆணையோ தீர்மானமோ இருக்க வேண்டும், அது வெளியிடப்பட்டும் இருக்க வேண்டும் என்றது. ஒரு பட்டம் அங்கீகரிக்கப்பட்டது என்பதும், அது இன்னொரு பட்டத்துக்கு இணை என்பதும் வெவ்வேறு என்ற வேறுபாடும் இதில் தெளிவாக வருகிறது. தணிக்கைத் தடைகளின் தர்க்கம் இதேதான்.

ஆனால் அந்த வழக்கு எதைப் பற்றியது? சம்பளம் பற்றியதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் திறந்தநிலை முறையில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்த ஒருவர் பஞ்சாபில் சட்டப் படிப்பில் சேர முயன்ற வழக்கு. யாரைச் சேர்ப்பது என்பதில் பல்கலைக்கழகத்துக்குத் தன்னாட்சி உண்டு. அந்தச் சூழலில் இந்த விதி நியாயமே.

மூன்றாவது, 2018-ல் வந்த ஜம்மு காஷ்மீர் மின்துறை டெக்னீஷியன் நியமன வழக்கு. எந்தத் தகுதி எதற்கு இணை என்று தீர்மானிப்பது வேலை தரும் அரசின் உரிமை, நீதிமன்றம் அதை விரிக்கக்கூடாது என்றது. இதிலும் நியாயம் இருக்கிறது. விளம்பரத்தில் ஒரு தகுதியைப் போட்டுவிட்டு, பிறகு "இதுவும் கிட்டத்தட்ட அதுதான்" என்று ஒருவரை எடுத்தால், அதே மாதிரிப் படிப்பு இருந்தும் விளம்பரத்தை நம்பி விண்ணப்பிக்காமல் இருந்தவர்களுக்கு அநியாயம்.

ஆக, ஒன்று பணி இணைப்பு, ஒன்று படிப்பில் சேர்க்கை, ஒன்று புதிய நியமனம். மூன்றிலும் எதிரே இன்னொருவர் நிற்கிறார். ஒரே சீனியாரிட்டி பட்டியல், ஒரே சீட், ஒரே வேலை. ஊக்க ஊதியத்தில் எதிரே யாருமே இல்லை. ஏற்கெனவே வேலையில் இருக்கிற ஆசிரியர், தான் நடத்தும் பாடத்தை மேலும் படித்தார் என்பதற்காகத் தருவது அது. என் அத்தைக்கு இரண்டு இன்கிரிமென்ட் கிடைத்ததால் பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கு எதுவும் குறையவில்லை. இங்கே கேட்க வேண்டிய கேள்வி "இந்தப் பட்டம் அந்தப் பட்டத்துக்குச் சமமா?" என்பதே இல்லை. "இந்தப் படிப்பு இந்த வேலைக்கு உதவுமா?" என்பதுதான். மத்திய அரசின் ஒருமுறைத் தொகை விதிகள் இதைத்தான் கேட்கின்றன. செய்யும் பணியோடு படிப்புக்கு நேரடித் தொடர்பு இருக்க வேண்டும். வெறும் ஏட்டுப் படிப்பாக இருந்தால் தொகை கிடையாது. அந்த அளவுகோலிலும் குறைகள் உண்டு, ஆனால் கேள்வியாவது சரியான கேள்வி.

அரசுப் பக்கத்து நியாயம்

ஒரு தரப்பாகவே எழுதினால் சரியாக இருக்காது. அரசுக்கு இந்தச் சந்தேக புத்தி வந்ததற்குக் காரணங்கள் உண்டு. சத்தீஸ்கரில் 2002 சட்டத்தை வைத்து நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் முளைத்தன. பேராசிரியர் யஷ்பால் தொடுத்த வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை ரத்து செய்தது. தமிழ்நாட்டில், முதல் பட்டமே இல்லாமல் திறந்தநிலை வழியில் முதுகலை வாங்கியது செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 2009-ல் செல்லாது என்று முடிந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் வந்த பணியாளர் துறை அரசாணை 107, பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பிறகு பட்டம் என்ற வரிசையில் படிக்காதவர்களின் திறந்தநிலைப் பட்டங்கள் அரசுப் பணிக்கும் பதவி உயர்வுக்கும் செல்லாது என்றது.

என் துறையிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைதூர வழியில் பொறியியல் பட்டம் கொடுத்தன. அதில் ஒன்று நம்ம சேலத்தில் இருக்கிறது. ஆய்வகம் பக்கமே போகாமல் பி.டெக். 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதை உடைத்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்களின் பட்டங்களை நிறுத்திவைத்து, ஏ.ஐ.சி.டி.இ. தேர்வு எழுதித் தேறினால் தரலாம் என்றது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டங்களை ரத்து செய்தது. அந்தப் பட்டத்தை வைத்து வாங்கிய பதவி உயர்வும் போகும், ஆனால் ஏற்கெனவே பெற்ற பணத்தைத் திரும்ப வசூலிக்கக்கூடாது என்றும் சொன்னது.

இந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்தது இரண்டு விஷயம். சந்தேகத்துக்குரிய பட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் இல்லை, பெயரை மட்டும் பார்த்துத் தூக்கிப் போடவும் இல்லை. ஒரு தொகுதி ஆட்களுக்காவது "எழுதிக் காட்டு" என்று வாய்ப்புக் கொடுத்தது. இரண்டாவது, பட்டம் செல்லுமா என்ற கேள்வியையும் பணத்தைத் திருப்பித் தரணுமா என்ற கேள்வியையும் தனித்தனியாகப் பிரித்தது. நம் ஊர்த் தணிக்கைக் கடிதங்களில் இந்த இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும். "இணையில்லை, எனவே செலுத்துக." அந்த "எனவே"தான் பிரச்சினை.

"எனவே" மேல் நடந்த சண்டை

திரும்ப வசூலிப்பது பற்றிய பழைய தீர்ப்புகளில் ஒன்று ஹரியானா நூலகர் ஒருவருடையது, 1994. அதுவும் படிப்புத் தகுதி பற்றியதுதான். அவருக்கு வேண்டிய கல்வித் தகுதி இல்லை, முதல்வர் தவறாக விலக்களித்து உயர்ந்த ஊதியம் தந்துவிட்டார். நீதிமன்றம், ஊதியம் தவறுதான், ஆனால் ஊழியர் பொய் சொல்லி வாங்கவில்லை, ஆகவே தந்ததைப் பிடிக்காதே என்றது. 2012-ல் உத்தராகண்ட் வழக்கு ஒன்றில் வேறு மாதிரிச் சொன்னது: அது மக்கள் பணம், பொய் சொல்லாவிட்டாலும் திரும்ப வர வேண்டியதுதான்.

2014 டிசம்பரில் பஞ்சாப் அரசு வழக்கு. சட்ட வட்டாரத்தில் இதற்கு "ஒயிட் வாஷர்" வழக்கு என்றே பெயர், வெள்ளையடிக்கும் தொழிலாளி என்பதால். வசூலிக்கக்கூடாத ஐந்து சூழல்களை அது வரிசைப்படுத்தியது. சி, டி பிரிவு ஊழியர்கள். ஓய்வு பெற்றவர்கள் அல்லது ஒரு வருஷத்துக்குள் ஓய்வு பெறப்போகிறவர்கள். ஐந்து வருஷத்துக்கு மேலாகத் தொடர்ந்த மிகை ஊதியம். தவறாக உயர்ந்த பதவி வேலையைச் செய்யவைத்து அதற்கான சம்பளம் தந்த நிலை. கடைசியாக, வசூலித்தால் அநியாயமாக முடியும் வேறு எந்த நிலையும். என் அத்தை இரண்டாவதிலும் வருவார், மூன்றாவதிலும் வருவார். அவருக்குக் கடிதம் வந்தபோது இந்தத் தீர்ப்பு வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடிதம் எழுதிய அலுவலகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு 2016-ல் ஒரு விலக்கு வந்தது. ஊதியம் திருத்தப்படும்போது, "அதிகம் வந்தால் திருப்பித் தருகிறேன்" என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தவருக்கு ஓய்வு பெற்றவர் என்ற பாதுகாப்பு இல்லை. அந்த வழக்கில் உறுதிமொழி கொடுத்தவர் ஒரு நீதித்துறை அலுவலர். சட்டம் படித்தவர், என்ன கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்தவர். ஆனால் ஊதிய நிர்ணயத்தின்போது அலுவலகத்தில் அச்சடித்த தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவது எல்லாருக்கும் நடப்பது. போடாவிட்டால் புது சம்பளம் வராது. எல்லாரும் கையெழுத்துப் போட்ட தாளை விலக்காக வைத்தால் மிச்சம் எத்தனை பேருக்கு விதி பொருந்தும்? ஆப் நிறுவும்போது யோசிக்காமல் "ஒப்புக்கொள்கிறேன்" அழுத்துவோமே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 2022 மே மாதம் கேரள ஆசிரியர் ஒருவர் வழக்கில், தவறாகக் கணக்கிட்ட இன்கிரிமென்ட் பணத்தை ஓய்வுக்குப் பிறகு வசூலிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் மறுபடி சொன்னது. ஆக, இரண்டு கோடும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. நம்ம வழக்கு எந்தக் கோட்டில் விழும் என்பது அந்தத் தாளைப் பொறுத்தது.

ஆணையின் தேதி

கடைசியாக ஒன்று. அத்தைக்கு நடந்த மாதிரி, பிற்பாடு இணை ஆணை வந்தால் அது எந்தத் தேதியிலிருந்து செல்லும்? "ஆணை தேதியிலிருந்து" என்று அலுவலகங்கள் சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒரு குழு இரண்டு பாடத்திட்டங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து "சமம்" என்கிறது. அப்படிச் சொன்ன அன்றைக்கா அவை சமமாயின? பாடத்திட்டம் அச்சான அன்றே சமம்தான். குழு அதைக் கண்டுபிடித்தது, உருவாக்கவில்லை. ஒரு பிழையை இன்றைக்குக் கண்டுபிடித்தால் அது இன்றைக்கு உண்டான பிழை ஆகாதில்லையா, அதே மாதிரி.

அரசுக்கு நிதிச் சுமை பற்றிய கவலை இருந்தால், பழைய நிலுவை தரமாட்டோம் என்று வெளிப்படையாகச் சொல்லட்டும். அது கொள்கை முடிவு, விவாதிக்கலாம். ஆனால் ஏற்கெனவே தந்ததைத் தேதி காட்டிப் பிடுங்குவது வேறு.

என்ன செய்யலாம்

பெரிய சீர்திருத்தம் எதுவும் கேட்கவில்லை. ஒரு பட்டத்தின் இணைத்தன்மையில் சந்தேகம் வந்தால், தடை எழுதுபவரே அதைக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். குழு முடிவு சொல்லும் வரை பிடித்தம் கூடாது. முடிவுக்குக் காலக்கெடு வேண்டும். வெளிநாட்டுப் பட்டங்களுக்கு யு.ஜி.சி. 2025-ல் கொண்டுவந்த விதிகளில் இணையதள விண்ணப்பமும் காலக்கெடுவும் இருக்கின்றன. லண்டன் பட்டத்துக்கு இருக்கும் வசதி சிதம்பரம் பட்டத்துக்கும் மதுரைப் பட்டத்துக்கும் இருக்கலாமே.

10.3.2020-க்குப் பிறகு இந்த வழக்குகள் வற்றிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தத் தேதிக்கு முன்னால் படித்து முடித்தும் ஆணை வராதவர்கள் என்ற புதிய வரிசை வந்துவிட்டது. பழைய பதிவேடுகளும் ஒவ்வொருவர் ஓய்வு பெறும்போதும் மறுபடி திறக்கப்படும்.

உங்கள் வீட்டில் ஓய்வுக்குப் பக்கத்தில் இருக்கிற ஆசிரியர் யாராவது இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். உட்கார்ந்து பணிப்பதிவேட்டின் நகலைப் புரட்டுங்கள். ஊக்க ஊதியம் போட்ட பக்கத்தில் எந்த அரசாணை எண் எழுதியிருக்கிறது, உறுதிமொழித் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். கடிதம் வந்த பிறகு தேடுவதைவிட அது சுலபம். அத்தையின் பதிவேட்டில் அந்தப் பக்கத்தை நான் பார்த்தது அவர் பணம் கட்டி முடித்து நாலு வருஷம் கழித்துத்தான். அதில் உறுதிமொழித் தாள் எதுவும் இல்லை.